பக்கெட்டில் விழுந்த சில்லறை

மலையாளத்து மாற்று சினிமாவைப் பற்றி நம்மூரில் யார் பேசினாலும் அடூர் கோபாலகிருஷ்ணன், அரவிந்தன், ஜான் ஆபிரகாம் என்று மூன்று பேரை வரிசையாகச் சொல்வார்கள். ஒருவர் நிதானம், ஒருவர் தியானம், ஒருவர் கலகம் என்று ஆளுக்கொரு அடைமொழி கொடுப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் கோவையில் வங்கிக் குமாஸ்தாவாக வேலை பார்த்தவன். எண்பதுகளில் எங்கள் திரைப்படச் சங்கத்துக்குப் பொருளாளர். எனக்கு அந்த மூன்று பேரும் மூன்று வகைப் பணமாகத்தான் தெரிகிறார்கள். முதலாமவர் கையெழுத்துப் போட்டு வாங்கிய கடன். இரண்டாமவர் கொல்லத்து முந்திரிப் பணம். மூன்றாமவர் பிளாஸ்டிக் பக்கெட்டில் விழுந்த சில்லறை.

படைப்பாளியைப் பற்றிப் பேசும்போது கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கேரளத்தில் நல்ல சினிமாவுக்கான இயக்கம் இரண்டு மூன்று தடவை உடைந்து மறுபடி கட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் மாறியது கேமரா கோணம் அல்ல. பணத்தை யார் கொடுக்கிறார்கள், பிரிண்டை யார் சுமந்துபோய் யாருக்குக் காட்டுகிறார்கள், போட்ட காசு திரும்பி வருகிறதா என்கிற மூன்றும்தான் மாறின.

இன்றைய பிள்ளைகளுக்குத் திரைப்படச் சங்கம் என்றால் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலானோர் கல்கத்தாவில் ஆரம்பித்து வைத்தது. 1959இல் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து கூட்டமைப்பாகி, ராய் அதற்குத் தலைவரானார். கூட்டமைப்பில் இருக்கும் சங்கங்கள் தணிக்கை ஆகாத வெளிநாட்டுப் படங்களைக் காட்டலாம் என்று மத்திய அரசு ஒரு சலுகை கொடுத்திருந்தது. ஆனால் வாசலில் டிக்கெட் விற்கக்கூடாது. சந்தா கட்டிய உறுப்பினர்கள் மட்டும்தான் பார்க்கலாம். பிரிண்ட், புனேயில் இருக்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலிருந்தோ தூதரகங்களிலிருந்தோ வரும். தகரப் பெட்டிக்குள் 16 எம்எம் சுருள்கள். ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீதைக் காட்டி, ஆட்டோவில் ஏற்றி, மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும். 1,600 அடிச் சுருள் முக்கால் மணி நேரம் ஓடும். இரண்டு புரொஜக்டருக்கு வாடகை கொடுக்க வழியில்லாத சங்கத்தில், சுருள் மாற்றும்போது விளக்கைப் போட்டுவிடுவார்கள். பெர்க்மன் படங்களைப் பற்றிய விவாதங்களில் பாதி அந்த ஐந்து நிமிடங்களில் நடந்தவை.

ஒரு ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சங்கத்தில் ஆண்டுச் சந்தா சேர்ந்தது பிரெஸ்ஸோன் படங்களுக்காக அல்ல. தணிக்கை ஆகாத படம் என்றால் அதில் ‘ஏதோ’ இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் ஏராளம். ஹங்கேரியப் படத்தில் இரண்டு மணி நேரம் குதிரைகள் மட்டும் ஓடுவதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சண்டை போட்டவர்கள் உண்டு. பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் எங்களிடம் இல்லை. அந்த ஏமாந்த சந்தாவில்தான் பல நல்ல படங்களுக்குப் பார்சல் கட்டணம் கட்டினோம்.

கேரளத்தின் முதல் சங்கம் திருவனந்தபுரத்துச் சித்ரலேகா. 1965இல் புனே திரைப்படக் கல்லூரியில் படிப்பை முடித்துக்கொண்டு வந்த அடூரும், குளத்தூர் பாஸ்கரன் நாயரும், இன்னும் சில நண்பர்களும் தொடங்கியது. மற்ற ஊர்ச் சங்கங்கள் படம் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டன. இவர்கள் கையோடு ஒரு கூட்டுறவு அமைப்பையும் பதிவு செய்தார்கள். படம் எடுப்பது, விநியோகிப்பது, காட்டுவது மூன்றும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பது திட்டம். சினிமாவில் கூட்டுறவு என்ற யோசனையே அப்போது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். கூட்டுறவு என்றால் நமக்குத் தெரிந்தது பால் பண்ணையும் நெசவாளர் சங்கமும்தான்.

அந்தக் கூட்டுறவு முழுநீளப் படம் எடுக்க 7 வருடம் ஆனது. நடுவில் ஆவணப் படங்களும் விளம்பரப் படங்களும் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். 1972இல் வந்த ‘சுயம்வர’த்தின் செலவு சுமார் இரண்டரை லட்சம். அதில் ஒன்றரை லட்சம், மத்திய அரசின் திரைப்பட நிதிக் கழகம் கொடுத்த கடன். முதலில் திரையிட்டபோது கூட்டம் இல்லை. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சாரதாவுக்குச் சிறந்த நடிகை, மங்கட ரவிவர்மாவுக்கு ஒளிப்பதிவு என்று நான்கு தேசிய விருதுகள் வந்த பிறகு மறுபடி வெளியிட்டார்கள். அப்போதுதான் ஜனங்கள் வந்தார்கள். கடனும் அடைந்தது. அடூரைப் பற்றி ஆயிரம் கட்டுரைகள் வந்திருக்கின்றன. கடனை அடைத்தார் என்பதற்காக அவரைப் பாராட்டியவன் அநேகமாக நான் ஒருவன்தான். திரைப்பட நிதிக் கழகத்தின் கடன்களில் திரும்பாமல் போனவையே அதிகம் என்று அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரியும்.

இதே வருடங்களில் இன்னொரு காரியமும் நடந்தது. அதுவரை மலையாளப் படம் என்றால் பெரும்பகுதி வேலை கோடம்பாக்கத்தில்தான். ஆலப்புழையில் உதயா, திருவனந்தபுரத்தில் மெரிலாண்ட் என்று ஸ்டூடியோக்கள் இருந்தும், லேப் வேலைக்கும் ஒலிப்பதிவுக்கும் சென்னைக்கு ரயில் ஏறியாக வேண்டும். 1975இல் கேரள அரசு திரைப்பட வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தியது. 1980இல் திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ வந்தது. சென்னையில் அறை எடுத்துத் தங்கிப் படத்தை முடிக்கும் செலவு சின்னப் படக்காரர்களுக்குக் குறைந்தது.

இனி முந்திரிப் பணம். கொல்லத்தில் முந்திரி ஏற்றுமதி செய்த கே. ரவீந்திரநாதன் நாயரை ‘ஜெனரல் பிக்சர்ஸ் ரவி’ என்றும் சொல்வார்கள். அவர் பணம் போட்ட அரவிந்தன் ரப்பர் வாரியத்தில் அதிகாரி. ‘மாத்ருபூமி’ வார இதழில் தொடர்ந்து கேலிச்சித்திரம் வரைந்தவர். அவருடைய முதல் படமான ‘உத்தராயண’த்தை 1974இல் தயாரித்தவர் கோழிக்கோட்டு எழுத்தாளர் பட்டத்துவிள கருணாகரன். அதற்குப் பிறகு ‘காஞ்சன சீதா’, ‘தம்பு’, ‘கும்மாட்டி’, ‘எஸ்தப்பான்’, ‘போக்குவெயில்’ என்று வரிசையாக ரவி தயாரித்தார். அடூருக்கு ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’, ‘அனந்தரம்’, ‘விதேயன்’. ரவி கதையில் தலையிடமாட்டார், படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து நாற்காலி போட்டு உட்காரமாட்டார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கொல்லத்தில் ஒரு பொது நூலகத்தையும் எழுப்பிக் கொடுத்தார். நூலகத்தையும் சினிமாவையும் அவர் ஒரே மாதிரிதான் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். 2023இல் காலமானார்.

இப்படி ஒரு மனிதர் தமிழ்நாட்டுக்கு வாய்க்கவில்லையே என்ற ஏக்கம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. திருப்பூர் பனியன் முதலாளிகளிடம் போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று எங்கள் செயற்குழுவில் தீர்மானமே போட்டோம். போனோம், டீ கொடுத்தார்கள். ஆனால் பொருளாளராக எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு தனி மனிதரின் நல்ல மனசை நம்பி நிற்கிற இயக்கத்துக்கு ஆயுள், அந்த மனசு இருக்கும்வரைதான். ரவி ‘விதேய’னுக்குப் பிறகு ஒதுங்கிக்கொண்டார். அந்த இடத்துக்கு இன்னொருவர் வரவில்லை.

கோழிக்கோட்டில் எண்பதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்களுக்கு இந்த இரண்டு பணமும் பிடிக்கவில்லை. அவர்கள் நெருக்கடி நிலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். 1976இல் கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கொண்டுபோய்க் கக்கயம் முகாமில் வைத்துக் கொன்றது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு ‘ஜனகீய சாம்ஸ்காரிக வேதி’ என்று ஒரு கலாசார அமைப்பு கிளம்பியது. தெருநாடகம் போட்டார்கள். லஞ்சம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட மருத்துவரை மருத்துவக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தி மக்கள் விசாரணை நடத்தினார்கள். கொஞ்ச காலத்தில் அது கலைந்துவிட்டது. கலைந்ததும் ஊர் ஊராக, செய்வதற்கு எதுவும் இல்லாமல் நின்ற இளைஞர்கள் பலர். நான் பாலக்காட்டு நண்பர்கள் வழியாகச் சிலரைப் பார்த்திருக்கிறேன். பேச்சில் சூடு இருக்கும். கையில் பஸ்ஸுக்குக் காசு இருக்காது.

இவர்களிடம்தான் ஜான் ஆபிரகாம் வந்து சேர்ந்தார். குட்டநாட்டுக்காரர். எல்ஐசி வேலையை விட்டுவிட்டுப் புனேக்குப் போய், ரித்விக் கட்டக்கிடம் படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். மணி கௌலின் ‘உஸ்கி ரொட்டி’யில் உதவி இயக்குநர். நமக்கு அவர் நெருக்கமாவது 1977இல் வந்த ‘அக்ரஹாரத்தில் கழுதை’யால். வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதிய தமிழ்ப் படம். கழுதைக் குட்டியை எடுத்து வளர்க்கும் பேராசிரியராக இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் நடித்தார். தமிழில் சிறந்த படம் என்று தேசிய விருது கிடைத்தது. விருது கிடைத்த படத்தைத் தமிழ்நாட்டில் தியேட்டரில் பார்த்தவர்களை நான் சந்தித்ததில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுத்திவிட்டது. நாங்கள் காட்டலாம் என்று முயன்றபோது, மண்டபத்துக்காரர் படத்தின் பெயரைக் கேட்டதும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறொரு இடத்தில் காட்டினோம். விளம்பரத்தில் பெயரைப் போடவில்லை.

ஆக, ஜானுக்கு அனுபவப்பட்டுத் தெரிந்திருந்தது: படத்தை எடுத்துவிடலாம், விருதும் வாங்கலாம், ஆனால் பெட்டி திறக்காது. 1984இல் கோழிக்கோட்டில் ஒடேசா என்ற குழு உருவானபோது அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தப் பிரச்சினையைத்தான். ஐசன்ஸ்டைனின் ‘போர்க்கப்பல் பொடெம்கின்’ படத்தில் படிக்கட்டுக் காட்சி வரும் ஊரின் பெயர் அது. தயாரிப்பாளர் வேண்டாம், விநியோகஸ்தர் வேண்டாம், அரசுக் கடன் வேண்டாம். ஜனங்களிடம் நன்கொடை கேட்போம், ஜனங்களிடமே கொண்டுபோய்க் காட்டுவோம் என்றார்கள்.

முதல் பணத்துக்குச் சாப்ளினின் ‘தி கிட்’டைக் கையில் எடுத்தார்கள். நல்ல தேர்வு. 1921இல் வந்த ஊமைப்படம். மொழி வேண்டாம், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போகும் காட்சியில் எந்த ஊர்க்காரியும் மூக்கைச் சிந்துவாள். ஊருக்குள் கொட்டடித்துக்கொண்டு போய்க் கூட்டம் சேர்ப்பார்கள். இருட்டியதும் திரை கட்டி, 16 எம்எம்மில் படம் போடுவார்கள். பிறகு நாங்கள் ஒரு படம் எடுக்கப் போகிறோம், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று பக்கெட்டை நீட்டுவார்கள். கேரளத்தில் கட்சிக்காரர்கள் வீதி வீதியாகப் பக்கெட் தூக்கி நன்கொடை வசூலிப்பது எல்லோருக்கும் பழகிய காட்சி. ஒடேசா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. கட்சி செய்வதைச் சினிமாவுக்குச் செய்தது. அதனால்தான் ஜனங்களுக்குப் புரிந்தது. மீன் விற்றுவிட்டு வருகிற பெண்ணிடம் போய்ப் பங்குப் பத்திரம் என்று பேசியிருந்தால் விரட்டியிருப்பாள்.

பொருளாளராக இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பக்கெட்டில் போட்டவருக்கு ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் உரிமையும் இல்லை, கேள்வியும் இல்லை. கடன் கொடுத்தவன் வட்டி கேட்பான். முதலாளி ஒன்றும் கேட்காவிட்டாலும், அவர் முகத்தைப் பார்த்துத் தயங்கும் நிலைமை நமக்கு வரும். பக்கெட்டுக்கு முகம் கிடையாது.

அந்தப் பணத்தில் 1986இல் வந்தது ‘அம்ம அறியான்’. டில்லிக்குக் கிளம்பும் புருஷன் என்ற இளைஞன் வயநாட்டில் தூக்கில் தொங்கிய ஒரு பிணத்தைப் பார்க்கிறான். எங்கோ பார்த்த முகம். விசாரித்துக்கொண்டு போகப் போக, அது ஹரி என்ற தபலா வாசிப்பவன் என்று தெரிகிறது. ஹரியின் அம்மா கொச்சியில் இருக்கிறாள்; அவளிடம் சொல்ல வேண்டும். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஹரியைத் தெரிந்த ஒருவனைச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். கோழிக்கோடு, பேப்பூர், கொடுங்ஙல்லூர், திருச்சூர், வைப்பின் என்று கூட்டம் பெருகிக்கொண்டே கோட்டைக் கொச்சிக்கு வந்து சேர்கிறது. புருஷனாக நடித்தவர் ஜாய் மேத்யூ. வேணு ஒளிப்பதிவு, பீனா பால் எடிட்டிங். கறுப்பு வெள்ளை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

நான் அதைப் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். டிக்கெட் கிடையாது. பெஞ்சில் இடம் இல்லாமல் ஜன்னலில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். படம் ஒரே சீராக இல்லை என்பது அன்றைக்கும் என் அபிப்பிராயம், இன்றைக்கும் அதுதான். சில இடங்களில் நின்றுகொண்டு பிரசங்கம் செய்கிறார்கள். ஆவணப் படமும் கதையும் ஒட்டாமல் உரசுகின்றன. ஆனால் ஆட்கள் சேரச் சேர, பேசாமல் நடக்கிற அந்த இளைஞர் கூட்டத்தை வேணு எடுத்திருக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்க்கும்போதே எனக்குத் தோன்றியது: படத்துக்குள் புருஷன் ஊர் ஊராக ஆள் சேர்க்கிறான், படத்துக்கு வெளியே ஒடேசா ஊர் ஊராகக் காசு சேர்த்திருக்கிறது. இரண்டுக்கும் ஒரே வழித்தடம். பணம் சேர்ந்த முறை கதையின் உருவத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்த வேறொரு இந்தியப் படம் எனக்குத் தெரியாது.

படம் முடிந்து திரையைச் சுருட்டிக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். என் மலையாளம் கோவை மலையாளம்; அவன் தமிழ் சினிமாத் தமிழ்.

“அடுத்த படத்துக்குப் பணம் எப்படித் தம்பி?”

“ஜனங்கள் தரும் சாரே.”

“இந்தப் படத்துல இருந்து எதுவும் வராதா?”

“இது விற்கானுள்ள படம் அல்ல சாரே.”

“விக்க வேண்டாம். அடுத்த ஊருக்குப் போற பெட்ரோலாவது வரணுமில்ல?”

அவன் சிரித்தான். வங்கிக்காரரா என்று கேட்டான். ஆமாம் என்றதும் இன்னும் பலமாகச் சிரித்தான். பிறகு ஜீப்பில் இடம் பிடிக்க ஓடிவிட்டான்.

அந்த வருடத்துப் படங்களுக்கான தேசிய விருதுகளில் ஜானுக்கு நடுவர் குழுவின் சிறப்பு விருது கிடைத்தது. வேணுவுக்கு இந்தப் படத்துக்கும் பத்மராஜனின் ‘நமக்குப் பார்க்கான் முந்திரித்தோப்புக’ளுக்கும் சேர்த்து ஒளிப்பதிவு விருது. 1987 மே மாதக் கடைசியில் கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து விழுந்து ஜான் இறந்துபோனார். வயது 50 ஆகவில்லை.

ஜான் செத்ததும் ஒடேசாவும் செத்தது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது சம்மதமில்லை. ஒடேசா சத்யன் முதலானோர் அதற்குப் பிறகும் வருடக்கணக்காகப் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். சத்யன் கவிஞர் ஏ. அய்யப்பனைப் பற்றியும் மற்றவர்களைப் பற்றியும் ஆவணப் படங்கள் எடுத்தார். 2014இல் சாகும்வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார். ஆள் இல்லாமல் போனதல்ல பிரச்சினை. இரண்டாவது முழுநீளப் படம் வராமல் போனதற்குக் காரணம், முதல் படத்திலிருந்து எதுவும் திரும்பி வரக்கூடாது என்று அவர்களே முடிவு செய்திருந்ததுதான். பக்கெட் வசூல் கல்யாண மொய் மாதிரி: ஒரு வீட்டில் ஒரு விசேஷத்துக்கு ஊரே வைக்கும், மறு வருடமும் பந்தல் போட்டுக் கூப்பிட்டால் தெருவில் ஆள் இருக்காது. சித்ரலேகா 7 வருடம் சிறுகச் சேர்த்த காரியத்தை ஒடேசா இரண்டு வருட ஆவேசத்தில் செய்தது. ஆவேசத்துக்கு நிலுவைப் பக்கம் கிடையாது.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த இளைஞர்களில் ஒருவராவது ஒரு சின்ன நோட்டுப் போட்டு, எந்த ஊரில் எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு விழுந்தது என்று எழுதிவைத்து, பின்னால் வந்தவர்களுக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு குமாஸ்தா நினைக்காமல் இருக்க முடியுமா?

தொண்ணூறுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டிவி வந்தது, வீடியோ கேசட் வந்தது, பிறகு டிவிடி. தகரப் பெட்டிக்காகப் பார்சல் ஆபீசில் காத்திருப்பது முட்டாள்தனமாகத் தெரிந்தது. புரொஜக்டர் பல்பு கடையில் கிடைக்காமல் போனது. 1996இல் கோழிக்கோட்டில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கியது. பிறகு திருவனந்தபுரத்திலேயே நிலைத்தது. 1998இல் மாநிலச் சலச்சித்திர (திரைப்பட) அகாடமி வந்து விழாவை எடுத்துக்கொண்டது. விழா நல்ல விழா, மறுக்கவில்லை. டிசம்பரில் அங்கே நிற்கும் வரிசையைப் பார்த்து நானே மலைத்திருக்கிறேன். துருக்கிப் படத்துக்கு ஆட்டோ ஓட்டுநர்கள் விடுப்புப் போட்டு வருகிறார்கள். ஆனால் சங்கக் காலத்தில் பிரிண்டைத் தூக்கி வந்து ஊருக்குக் காட்டியவர்கள், இப்போது கழுத்தில் அட்டையும் தோளில் பையும் மாட்டிக்கொண்டு அரசு விருந்தினராகிவிட்டார்கள். கொடுங்ஙல்லூரிலும் கல்பற்றையிலும் புதன்கிழமை சாயங்காலம் படம் போட ஆள் குறைந்தது.

மறுபடி தெருவுக்கு வந்தவர்களில் காழ்ச்ச என்ற அமைப்பைச் சொல்ல வேண்டும். 2001இல் சனல் குமார் சசிதரனும் நண்பர்களும் ஆரம்பித்தது. 2014இல் ‘ஒராள்ப்பொக்கம்’ படத்துக்கு ஃபேஸ்புக் வழியாகப் பணம் திரட்டினார்கள். பக்கெட் போய் வங்கிக் கணக்கு எண் வந்தது. படத்துக்கு மாநில அரசின் சிறந்த இயக்குநர் விருதே கிடைத்தும் தியேட்டர்கள் வழக்கம்போலக் கண்டுகொள்ளவில்லை. உடனே ஒரு வண்டியில் புரொஜக்டரை ஏற்றிச் ‘சினிமா வண்டி’ என்று பெயர் வைத்துக் கிராமம் கிராமமாகக் கிளம்பினார்கள். ஒடேசாவின் ஜீப் போன சாலைகள்தான். 2017இல் அவருடைய அடுத்தடுத்த படங்களில் ஒன்றான ‘எஸ் துர்கா’வைக் கோவா திரைப்பட விழாவின் பட்டியலிலிருந்து மத்திய அமைச்சகம் நீக்கியது. நீதிமன்றம் காட்டச் சொல்லியும் காட்டவில்லை. அதே டிசம்பரில் திருவனந்தபுரத்தில் அரசு விழா நடக்கும்போதே காழ்ச்சக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக ஒரு சுயேச்சைப் படவிழா நடத்தினார்கள். அகாடமி வந்து 20 வருடம் ஆவதற்குள், அதற்கு வெளியே நின்று ஒரு பந்தல் போட வேண்டியிருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

2025இல் நடந்த சண்டை எனக்கு இன்னும் சுவாரசியம். 2019 முதல் கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், பெண் இயக்குநர்களுக்கும், பிறகு பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி வரை செலவழித்துத் தானே தயாரிக்கிறது. தாரா ராமானுஜனின் ‘நிஷித்தோ’, ஸ்ருதி சரண்யத்தின் ‘பி 32 முதல் 44 வரை’ எல்லாம் அப்படி வந்தவை. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் சினிமாக் கொள்கைக்கான மாநாட்டில் அடூர் எழுந்து, ஒன்றரைக் கோடி அதிகம், ஊழலுக்கு வழி செய்யும், முதல் படம் எடுப்பவர்களுக்கு 3 மாதமாவது கடுமையான பயிற்சி கொடுக்க வேண்டும், அந்தப் பணத்தை ஐம்பது ஐம்பது லட்சமாக மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்றார். கூட்டத்தில் இருந்த பாடகி புஷ்பவதி அங்கேயே எழுந்து எதிர்ப்புத் தெரிவித்தார். கேரளமே இரண்டு பட்டது.

‘சுயம்வர’த்துக்கு ஒன்றரை லட்சம் வாங்கியவர், 2025இல் ஒன்றரைக் கோடி அதிகம் என்கிறார். இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் அவர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது: அவர் வாங்கியது கடன், திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் 7 வருடம் நடந்த ஒரு சங்கம் இருந்தது. பயிற்சி நல்லதுதான். அதை ஏன் பெண்களிடமும் தலித்துகளிடமும் மட்டும் கேட்க வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. புனே பட்டயம் இருந்தால் போதுமென்றால், ஜானிடமும் அது இருந்தது, பதக்கத்தோடு. அவர் கடன் மனுவோடு வந்திருந்தால் எந்த வங்கியும் கொடுத்திருக்காது. எங்கள் கிளை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும்.

தொகையைப் பற்றி இவ்வளவு சண்டை நடந்ததே தவிர, எடுத்த படத்தை எங்கே காட்டுவது என்று யாரும் பேசவில்லை. அரசே 2024 மார்ச்சில் ‘சி ஸ்பேஸ்’ என்று ஓர் ஓடிடி தளம் தொடங்கியிருக்கிறது. மாதச் சந்தா கிடையாது. முழுநீளப் படம் ஒன்றைப் பார்க்க 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. இது எனக்குப் பிடித்த ஏற்பாடு. யார் பார்த்தார்கள், எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு ரூபாய்க்கும் பதிவு இருக்கும்; ஒடேசாவிடம் இல்லாத அந்த நோட்டு இதுதான். பேத்தி அவளுடைய போனில் 75 ரூபாய் கட்டிக் கொடுத்தாள். ‘பி 32 முதல் 44 வரை’யைப் பார்த்தேன். பல காட்சிகள் மனசில் நின்றன. பார்த்து முடித்ததும் பழக்க தோஷத்தில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். அரசு தயாரித்த படத்துக்கு இரண்டு பாதியும் அரசுக்கே போகும். ஒன்றரைக் கோடி திரும்ப 2 லட்சம் பேர் பார்த்தால் போதும். அதே தொகையில் தனி ஆள் ஒருவர் படம் எடுத்து அங்கே போட்டால், அவர் கைக்கு வருவது முப்பத்தேழரை ரூபாய். 4 லட்சம் பேர் பார்க்க வேண்டும். அந்த 4 லட்சம் பேரிடம் கொட்டடித்துக்கொண்டு போய்ச் சொல்ல யாரை நியமித்திருக்கிறார்கள் என்று பேத்தியிடம் கேட்டேன். “கஸ்டமர் கேர் நம்பர் இருக்கு தாத்தா, வேணுமா?” என்றாள்.